உண்டியில் இருந்த கார்க் காசு

திருப்புலிவனத்தில் கன்னியப்பன் வீட்டுக்குக் கார் வந்தது ஆடம்பரத்துக்காக அல்ல. அவருடைய சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திக்கொண்டதால் வந்தது. வாரத்துக்கு இரண்டு முறை காஞ்சிபுரத்தில் பெரியாஸ்பத்திரிக்குப் போய், மிஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். காப்பீட்டு அட்டை இருந்ததால் மிஷினுக்குக் காசு கட்டவேண்டியதில்லை. போகும்போது பஸ்ஸில் போய்விடலாம், திரும்பி வருவதுதான் பெரும்பாடு. ஆரம்பத்தில் ஒருநாள் உட்கார இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தவர், நிறுத்தத்தில் இறங்கியதும் அப்படியே சரிந்து விழுந்தார். நெற்றியில் தையல் போடும்படி ஆயிற்று. அதற்கப்புறம்தான் மகன் மோகன் செங்கல்பட்டில் ஒருவரிடமிருந்து ஒரு பழைய டீசல் காரை வாங்கிக்கொண்டு வந்தான். பழையது என்றால், அதை முதலில் வாங்கியவரின் மகளே இப்போது கல்லூரிக்குப் போகிறாளாம், அவ்வளவு பழையது.

யார் ஓட்டுவது என்ற கேள்வி வந்தது. மோகனுக்கு டிராக்டர் ஓட்ட வரும், ஆஸ்பத்திரியில் பொழுதெல்லாம் உட்கார வராது. வயலை விட்டு அரை நாள் நகர்ந்தால் அவனுக்கு உயிரே போய்விடும். ஆகவே அவன் மனைவி வளர்மதி உத்திரமேரூரில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ் எடுத்தாள். பின் சீட்டில் உட்கார்ந்த மாமனார் முதல் மாதம் முழுக்க முன் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, எதிரே வந்த ஒவ்வொரு லாரிக்கும் ஒரு கத்தல் கத்தினார். அடுத்த மாதம் கத்துவதை நிறுத்தினார். மூன்றாவது மாதத்திலிருந்து போகும்போதே குறட்டை விட ஆரம்பித்தார். மருமகள் ஓட்டுவது நன்றாக இருக்கிறது என்பதை வாயைத் திறந்து சொல்லும் வழக்கம் கன்னியப்பனுக்குக் கிடையாது. அந்தக் குறட்டைதான் சர்டிபிகேட் என்று அவளே எடுத்துக்கொள்ளவேண்டியதுதான்.

வாங்கிய விலையோடு காரின் பசி அடங்கிவிடவில்லை. முதல் கோடையில் பேட்டரி போயிற்று. ஆடி மாதத்தில் கிளட்ச் பிளேட். மழைக்காலத்தில் செல்ஃப் மோட்டார். ஒவ்வொரு தடவையும் வீட்டில் பெரிய களேபரம் நடக்கும். மோகன் தலையில் கை வைத்துக்கொண்டு, "இத்த வாங்கனதுக்கு ரெண்டு மாடு வாங்கியிருக்கலாம்" என்பான். வளர்மதி கழுத்தில் காதில் இருப்பதைக் கழற்றிக்கொண்டு பேங்குக்குப் போவாள். நகை திரும்பி வருவதற்குள் காரில் வேறு ஏதாவது ஒன்று போய்விடும். இப்படிப் போய்ப் போய் அவளிடம் தாலிக்கயிறு ஒன்றுதான் மிச்சம்.

மெக்கானிக் செந்தமிழன் உத்திரமேரூரில் ஷெட் வைத்திருந்தான். அவன் ஷெட்டில் மர ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானத்தில்தான் வளர்மதிக்கு ஒரு விஷயம் புத்தியில் பட்டது. எதிர்பாராத செலவு, எதிர்பாராத செலவு என்று எல்லோரும் மூக்கால் அழுகிறோமே, இதில் எதிர்பாராதது எது? என்றைக்கு வரும் என்பது தெரியாது, வாஸ்தவம்தான். ஆனால் வரும் என்பது எல்லோருக்கும் தெரியுமே! இதுவரை ரிப்பேருக்குப் போனதையெல்லாம் மனசுக்குள் கூட்டி மாதக்கணக்கில் வகுத்துப் பார்த்தாள். மாதம் இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. அப்படியென்றால் கரண்ட் பில் மாதிரி, கேஸ் மாதிரி இதுவும் ஒரு மாதச் செலவு. கார் ஒழுங்காக ஓடுகிற மாதத்திலும் இரண்டாயிரத்தை எடுத்துத் தனியாக வைத்துவிட்டால், அது படுக்கிற மாதத்தில் யார் முன்னாலும் போய் நிற்க வேண்டாம்.

காசு வருவதற்கு வழி இருந்தது. இரண்டு கறவை மாட்டுப் பால் பணம் அவள் கைக்குத்தான் வரும். அதை வைப்பதற்குத்தான் இடம் இல்லை.

அரிசி டிரம்மில் வைத்தாள். யூரியா வாங்க வேண்டுமென்று மோகன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். திருட்டுத்தனமாக எல்லாம் இல்லை, எடுத்துவிட்டு வந்து சொல்லவும் செய்தான். நிலத்துக்கு என்று எடுத்தால் அது எடுத்தது ஆகாது என்பது அவன் கட்சி. பேங்கில் போட்டாள். பேங்க் ஆப் அவன் போனிலும் இருந்தது, பின் நம்பரும் அவனுக்குத் தெரியும். போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்ட அது போயிற்று. மாகறலில் இருக்கும் அம்மாவிடம் கொடுத்து வைத்தாள். தம்பி பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு வந்தது, "அக்கா காசுதானே" என்று பந்தல்காரனுக்குக் கொடுத்துவிட்டார்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்ப்பது ஒருத்தி, செலவழிப்பதற்கு ஊர் முழுக்க ஆள்.

கடைசியில் ஆனி மாதத்தில் ஒருநாள் சாமி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு அந்த யோசனை வந்தது. அந்தப் பக்கத்தில் திருப்பதி பெருமாளைக் கும்பிடும் வீடுகளில் உண்டி கட்டி வைப்பார்கள். ஒரு சொம்போ தூக்கோ எடுத்து, வாயில் மஞ்சள் துணி கட்டி, நாமம் போட்டு, காசு போக மட்டும் ஒரு கீறல் விட்டுச் சாமிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். நினைத்தபோது நினைத்ததைப் போடுவார்கள். புரட்டாசியில் ஊர்க்காரர்கள் திருப்பதிக்குப் பஸ் வைக்கும்போது அப்படியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவார்கள். வீட்டில் சோற்றுக்கு இல்லாமல் போனாலும் அதில் மட்டும் யாரும் கை வைக்க மாட்டார்கள். பெற்ற தகப்பன் சட்டைப் பையில் கை விடுகிறவன்கூட அந்த மஞ்சள் துணி கிட்டே போகப் பயப்படுவான்.

வளர்மதி ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கை எடுத்து மஞ்சள் துணி கட்டினாள். நாமம் போட்டாள். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் படத்துக்கு முன்னால் நின்று, விஷயத்தை ஒளிக்காமல் வாய்விட்டே சொன்னாள்:

"பெருமாளே, இது உன்னுது இல்ல, காரோடது. வெக்கறதுக்கு எனக்கு வேற எடம் இல்ல. ஒவ்வொரு மாசமும் போடும்போது உனக்கு வாடகையா பதினோரு ரூபா தனியா போட்டுடறேன். கோச்சிக்காத."

பெருமாள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஏற்பாடு கனகச்சிதமாக வேலை செய்தது. மோகன் சாமி கும்பிட வரும்போது உண்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போவான். சின்னச் சின்ன ரிப்பேரையெல்லாம் முட்டை விற்ற காசில் சமாளித்துவிட்டு, அவள் தூக்கைத் தொடாமலே வைத்திருந்தாள். இன்னா வேண்டுதல் என்று ஒருநாள் மாமனார் கேட்டபோது, "சும்மா மாமா, ஒரு வேண்டுதல்" என்று மழுப்பிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அது மோகன் காதுக்குப் போக ஒரு சாப்பாட்டு நேரம் போதும். அதனால்தான் சொல்லவில்லை.

தை மாதத்தில் உத்திரமேரூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் வந்தது. கன்னியப்பனுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளந்து கொடுத்திருந்தார். பந்தியில் பக்கத்து இலைக்காரர் உபசாரத்தில் அவர் ரசத்தை இரண்டு தடவை கையில் வாங்கிக் குடித்தார், மோரையும் விடவில்லை. மத்தியானமே மூச்சு இரைக்க ஆரம்பித்துவிட்டது. வளர்மதி அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரத்துக்கு விரட்டினாள். ஊருக்குள் நுழைந்ததும் நகர முடியவில்லை. அடுத்தடுத்து முகூர்த்தம், பட்டுப்புடவை எடுக்க வந்தவர்களின் கார்கள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. ஹாரனை அமுக்கியபடியே திரும்பிப் பார்த்தாள். மாமனார் உதடு கறுத்து, தண்ணீரிலிருந்து எடுத்துப் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"பெருமாளே, இந்த மனுசன எப்பிடியாவது காப்பாத்திக் குடு! அந்த உண்டியில கீறத எல்லாத்தையும் உனக்கே கொண்டாந்து கொட்டிடறேன்!" என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கத்திவிட்டாள். காசு, கார், வாடகை எதுவும் அப்போது ஞாபகத்தில் இல்லை. நிஜமாகவே அழுதுகொண்டுதான் கத்தினாள்.

போலீஸ்காரர் ஒருவர் வந்து வழி பண்ணிக் கொடுத்தார். மிஷினில் போட்டதும் மாமனாருக்கு மூச்சு சீரானது. திரும்பி வரும்போது தூங்கிவிட்டார். அவர் எதையும் கேட்டிருக்கமாட்டார் என்றுதான் அவள் நினைத்தாள்.

அவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருந்தார். மறுநாளே டீக்கடையில் ஆரம்பித்துவிட்டார். "என் மருமவ எனக்கோசரம் பெருமாளுக்கு முடிஞ்சி வெச்சிக்கினு கீறா. போன ஆனியிலேர்ந்தே வெச்சிக்கினு கீறா, நம்ம கிட்ட ஒரு வார்த்த சொல்லல. பெத்த பொண்ணு செய்வாளா?" என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். சோற்றில் உப்பு இல்லை என்று அவள் மேல் எரிந்து விழுந்துகொண்டிருந்த மனுஷன், அதற்கப்புறம் உப்பில்லாத சோற்றைப் பேசாமல் சாப்பிட்டார். தண்ணீரை டாக்டர் சொன்ன அளவில் குடித்தார். "ஏ பொண்ணு" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் "அம்மா வளரு" என்று கூப்பிட்டார். ரத்தப் பரிசோதனையில் ஏதாவது ஒன்று கொஞ்சம் குறைந்தாலும் உண்டியின் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார்.

வளர்மதிக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மாதிரி ஒரு வார்த்தையை அவளும் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கேட்டதில்லை. கேட்க இனிப்பாக இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

புரட்டாசி பிறந்ததும் விஷயம் முற்றியது. வருஷா வருஷம் திருப்பதிக்குப் பஸ் ஏற்பாடு செய்கிற முத்துகிருஷ்ணனிடம், இந்த வருஷம் நம் வீட்டு உண்டி வருகிறது என்று கன்னியப்பன் சொல்லிவிட்டார். தன்னால் மலையேற முடியாது, உண்டியாவது போகட்டும் என்றார். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று வளர்மதி இழுத்துப் பார்த்தாள். "அடுத்த வருசத்த யாரு கண்டா?" என்று அவர் பேச்சை அதோடு முடித்துவிட்டார்.

இந்த நேரம் பார்த்தா கார் படுக்க வேண்டும்? அந்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது, மாகறல் தாண்டியதும் டெம்பரேச்சர் முள் சரசரவென்று மேலே ஏறியது. ஓரம் கட்டுவதற்குள் பானெட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பிவிட்டது. மாமனாரைப் புளியமர நிழலில் உட்காரவைத்துவிட்டுச் செந்தமிழனுக்குப் போன் போட்டாள். அவன் வந்து திறந்து பார்த்தான். ஆயில் அளக்கும் கம்பியை உருவினான். ஆயில், பால் ஊற்றிய டீ மாதிரி வெளுத்திருந்தது.

"அக்கா, ஹெட் கேஸ்கெட் போயிடுச்சி. ரேடியேட்டரும் உள்ள அடச்சிக்கினு கீது. ஹெட்ட கழட்டி லேத்துக்கு அனுப்பணும்."

"எவ்ளோ ஆவும்?"

"எப்பிடிப் பாத்தாலும் இருவத்தேழு ஆயிடும்க்கா. லேத்துக்கும் சாமானுக்கும் மொதல்ல பாதியாவது வேணும். என் கிட்ட கீறத போட்டு ஆரம்பிச்சிருப்பேன், ஆனா போன வாரம்தான் பொண்ணுக்கு ஃபீஸ் கட்டினேன்."

இருபத்தேழாயிரம். உண்டியில் முப்பதாயிரம் இருக்கிறது என்று அவளுக்கு அந்தக் கணமே மனசுக்குள் ஓடியது. இந்த நாளுக்காகத்தானே சேர்த்தது! திட்டம் போட்டபடியே எல்லாம் நடந்திருக்கிறது, எடுத்துக் கொடுக்கத்தான் வழியில்லை.

வீட்டுக்கு வந்ததும் மோகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "வித்துடு வளரு. எடைக்குப் போட்டாகூட ஏதாவது வரும். கையில இருந்ததெல்லாம் நடவுக்குப் போயிடுச்சி. பேங்குல வெக்கறதுக்கு உங்கிட்ட குண்டுமணி தங்கம் கீதா? அறுப்பு வரிக்கும் பஸ்ஸுல போவட்டும்."

"ஒங்க நைனா பஸ்ஸுல எறங்கி வுழுந்தது மறந்துபோச்சா? அப்ப ஒடம்புல கொஞ்சம் தெம்பு இருந்துச்சி. இப்ப கார்லேர்ந்து வூட்டுக்குள்ள வர்றதுக்கே என் தோள புடிச்சிக்கினு வர்றாரு."

மோகன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். எழுந்து வயலுக்குப் போய்விட்டான். தகப்பன் மேல் பாசம் இல்லாதவன் இல்லை அவன். பாசத்துக்குப் பணம் தேவைப்படும்போது ஓடிப்போவதற்கு அவனுக்கு வயல் இருந்தது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமனார் தூங்கும்போது வளர்மதி சாமி அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தாள். இது கார்க் காசுதான், பெருமாளிடம் முதலிலேயே சொல்லித்தான் வைத்தோம், இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முடிச்சில் கை வைத்தாள். கை நகரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கத்தியது காதில் கேட்டது. யார் கையும் பட்டுவிடக்கூடாது என்று அவளே கட்டிய முடிச்சு, இப்போது அவளையும் சேர்த்து வெளியே நிறுத்திவிட்டது. அவிழ்த்தால் பெருமாளுக்குத் துரோகம், அவிழ்க்காவிட்டால் கிழவன் பஸ்ஸில் சாகவேண்டும். தன் புத்திசாலித்தனத்தை நினைத்து அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மாடு கத்தியது. எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை. காலையிலேயே கன்னியப்பன் குளித்து நாமம் போட்டுக்கொண்டார். உண்டியைத் தானே தூக்கிவந்து கூடத்தில் மணைமேல் வைத்துத் துளசி சாத்தினார். வெறும் கையையே தூக்க முடியாத மனுஷன், முப்பதாயிரமும் சில்லறையும் இருந்த தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். முத்துகிருஷ்ணன் வாங்கிக்கொண்டு போக வரும் நேரம். மோகன் கதவோரத்தில் நின்றிருந்தான்.

"வளரு, கற்பூரம் எங்கம்மா கீது?"

வளர்மதி கற்பூரம் எடுக்கப் போகவில்லை. அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"மாமா, இது சாமி காசு இல்ல. கார் காசு."

அவருக்குப் புரியவில்லை. அரிசி டிரம்மிலிருந்து ஆரம்பித்து, பேங்கு, மாகறல், மாதம் இரண்டாயிரம், பதினோரு ரூபாய் வாடகை வரைக்கும் அவள் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

முதலில் வாயைத் திறந்தது மோகன்தான். "அடிப்பாவி! டிஏபி உர மூட்டைக்கு நான் நாயா அலஞ்சேனே, அப்பகூட இது இங்கதான் இருந்துச்சா?"

"அதுக்குதான்டா அங்க வெச்சா," என்றார் கன்னியப்பன், அவன் பக்கம் திரும்பாமலே. பிறகு உண்டியின் மேலிருந்த துளசியை விரலால் நகர்த்தினார். கத்துவார், உதைப்பேன் என்பார், அதற்கெல்லாம் அவள் தயாராகத்தான் இருந்தாள். அவர் மெதுவாகக் கேட்டார்:

"அப்ப எனக்கோசரம் முடிஞ்சி வெக்கலியா நீ?"

வளர்மதிக்குக் கோபம் வந்தது.

"காரு யாருக்கோசரம் மாமா?" என்றாள். குரல் தெருவரைக்கும் போயிற்று. "நானும் உங்க புள்ளையும் ஊர் சுத்தறதுக்கா? வாரத்துக்கு ரெண்டு தபா அது எங்க போவுது? நீங்க இல்லாம ஒரு தபா அது காஞ்சிவரம் போயிருக்குதா? மாசாமாசம் பால் காச எடுத்து வெச்சேனே, இன்னா நெனச்சி வெச்சேன்? நடுவழியில நின்னுடக்கூடாது, நீங்க பஸ்ஸுல வுழக்கூடாதுன்னுதான் வெச்சேன். சாமி பேர சொல்லலேன்னா அது உங்களுக்கு இல்லன்னு ஆயிடுமா?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"அன்னிக்கு பட்டுக்கட வண்டிங்க மத்தியில மாட்டிக்கினு கத்தனேனே, அது நெசமாவே சொன்னதுதான்," என்றாள், குரலைத் தணித்துக்கொண்டு. "அதான் நேத்து இந்த முடிச்ச அவுக்க ஒக்காந்தேன், கை வரல. உங்க உசுருக்கு வேண்டிக்கினது, நீங்களே சொல்லுங்க. குடுக்கணும்னா இப்பவே குடுத்துடறேன். ஆனா இனிமே பஸ்ஸுலதான் போவணும்."

தெருவில் கோவிந்தா சத்தம் கேட்டது. முத்துகிருஷ்ணன் உள்ளே வந்தார், பின்னாலேயே அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர். கன்னியப்பன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த உண்டி எவ்வளவு கனம் என்று பார்க்கும் ஆசை எல்லோருக்கும் இருந்தது.

"பெரியவரே, ரெடியா?" என்றார் முத்துகிருஷ்ணன்.

கன்னியப்பன் உண்டியின் மேல் கையை வைத்தார். ஊசி குத்திக் குத்தி நரம்பு புடைத்த கை அது.

"இந்த வருசம் இல்ல முத்துகிருஷ்ணா."

"இன்னா பெரியவரே, ஊரெல்லாம் சொல்லிக்கினு வந்தீங்க?"

"சொன்னேன். இப்ப இல்லன்றேன்."

"சாமி காரியம். முடிஞ்சி வெச்சத நிறுத்தலாமா?"

"யாருப்பா நிறுத்தனா? என்ன காப்பாத்தச் சொல்லிதான் என் மருமவ வேண்டிக்கினா. அவரு காப்பாத்திக்கினுதான் கீறாரு. வேல இன்னும் முடியல. முடிஞ்ச அன்னிக்கு மொத்தமா வந்து சேரும். அத அவ பாத்துப்பா."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "பெருமாளுக்கே பாக்கி சொல்றான்யா" என்று வாசல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. கன்னியப்பனுக்கு அது கேட்டது. ஒரு காலத்தில் அப்படி யாராவது சொல்லியிருந்தால் துண்டை உதறிக்கொண்டு எழுந்திருப்பார். இப்போது தலையைக் குனிந்துகொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒன்பது மாதமாக டீக்கடையில் நிமிர்ந்து உட்கார்ந்து பேசிய பேச்சையெல்லாம் அவர் தானே விழுங்கிக்கொண்டது வளர்மதிக்குத் தெரிந்தது. அவளுக்கு எழுந்து அத்தனை பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தவேண்டும் போல இருந்தது.

அவர்கள் போனதும் கன்னியப்பனே முடிச்சை அவிழ்த்தார். அவள் உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். நோட்டெல்லாம் ஒரு பக்கம், பதினோரு ரூபாய் வாடகைச் சில்லறை ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தார்கள். சில்லறையை அப்படியே முடிந்து, பஸ் கிளம்பும்போது கொடுத்துவிடச் சொல்லி மோகன் கையில் கொடுத்தார். அவன் அதைச் சட்டைப் பையில் போடாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனான்.

வளர்மதி நோட்டுகளை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு உத்திரமேரூருக்குக் கிளம்பத் தயாரானாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மாமனார் கேட்டார்:

"இந்த வேல பாத்தா காரு இன்னும் எத்தினி வருசம் ஓடும்னான் செந்தமிழன்?"

"மூணு வருசம் தாங்கும்னாரு. பதமா ஓட்டனா நாலு."

அவர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். பிறகு, நெல் மூட்டைக்கு விலை ஒத்துக்கொள்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

"போதும்மா. எனக்கு அது தாராளம்."

வளர்மதி வாசற்படியில் நின்றுவிட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அதைக் காட்டாமல் இருக்க அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செருப்பைத் தேடினாள்.

"இன்னா தாராளம்?" என்றாள். "அடுத்த மாசத்துலேர்ந்து மூவாயிரமா எடுத்து வெக்கப் போறேன். இது போச்சின்னா வேற காரு வாங்கறதுக்கு. ஏந்து போயி சாப்புடுங்க மாமா, சோறு ஆறிப்போவுது."